பயத்துக்கு ஒரு வேலை

ராத்தாவுக்குக் கோபம் வந்தால் எங்கள் ஒழுங்கையிலுள்ள அத்தனை வீடுகளுக்கும் இடியப்பம் கிடைக்கும்.

கோபம் வந்த கையோடு அவர் பின்வாசல் உரலடிக்குப் போய்விடுவார். வீட்டில் ஊறிய அரிசி இல்லாவிட்டால் மதிலுக்கு மேலால் எட்டி, "அரிசி ஊறப் போட்டவங்க ஆராச்சும் இரிக்கீங்களா? சுருக்கா தாங்க, சூடு ஆறிடும்" என்று குரல் கொடுப்பார். பிறகு உலக்கை விழத் தொடங்கும். அது விழுகிற விதத்தை வைத்தே கோபம் யார்மேல் என்று அயலவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். படபடவென்று இலேசாக விழுந்தால் கணவர்மேல். நின்று, மூச்செடுத்து, நிலம் அதிர விழுந்தால் கணவருடைய மூத்த சகோதரர்மேல்.

அறுபதுகளின் நடுப்பகுதியில் மாத்தளைப் பட்டினத்தில் டெலிபோன் ஒப்பரேட்டராக எனக்கு வேலை கிடைத்தது. அப்பா ரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீ மேக்கர். தினமும் மலையிலிருந்து இறங்கி ஏற முடியாது என்பதால், கோயில் பாதர் விசாரித்து, சந்தைக்குப் பின்னாலிருந்த ஒரு முஸ்லிம் வீட்டின் முன்னறையை எனக்காகப் பேசிக் கொடுத்தார். அந்த வீட்டுக்காரியைத்தான் ஊரே ராத்தா, அதாவது அக்கா, என்றது. வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருடைய பேரப்பிள்ளைகள் கோபிக்கக்கூடும். அந்தக் கோபத்தைப் போட்டு இடிக்க அவர்களிடம் உரல் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பிழை விட்டேன். ஆஸ்பத்திரியைக் கேட்ட ஒருவருக்கு ஐஸ் கம்பனியைக் கொடுத்துவிட்டேன். "நோயாளி எப்படி இருக்கிறார்?" என்று அவர் கேட்க, "நல்லா இறுகிட்டுது, வந்து தூக்கிட்டுப் போங்க" என்று அங்கிருந்து பதில் வந்திருக்கிறது. மனுசன் மயங்கி விழாத குறை. மேலதிகாரி எல்லோர் முன்னாலும் என்னை நிறுத்திவைத்து ஏசினார். வீட்டுக்கு வந்து கட்டிலில் குப்புற விழுந்து அழுதேன்.

ராத்தா உள்ளே வந்தார். தலையைத் தடவவில்லை, ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. ஒரு சுளகு நிறையக் கராம்பைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

"இதில காம்பப் பொறுக்குங்க தங்கச்சி."

"ராத்தா, நான் அழுதுக்கிட்டிருக்கேன்."

"தெரியும். கவலைல இரிக்கிறவங்களுக்கு நேரம் போகாது. கராம்புல காம்பு பொறுக்கவும் நேரம் போகாது. ரெண்டையும் ஒண்டா வெச்சா, ரெண்டும் போயிடும். அழுகய நிப்பாட்ட வாணாம். அழுதுக்கிட்டே பொறுக்குங்க. கராம்புல தண்ணி மட்டும் படாம பாருங்க."

பொறுக்கினேன். சுளகு முடிகிறபோது, ஐஸ் கம்பனிக்காரன் சொன்ன பதிலை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அது கராம்பின் மகிமையா, ராத்தாவின் மகிமையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவருடைய கணவரை நான் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவேன். பல்லேபொலப் பக்கத்துத் தோட்டங்களில் மிளகு, கராம்பு, கொக்கோ, சாதிக்காய் எல்லாம் வாங்கி ஒரு பழைய வேனில் ஏற்றிவந்து பட்டினத்தில் விற்பவர். அதனால் அந்த வீட்டில் பொறுக்கவும் புடைக்கவும் காயப்போடவும் எப்போதும் ஏதாவது இருக்கும். ராத்தா அந்த வேலைகளை மனதில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்துப் பங்கிடுவார். கோபத்துக்கு உரல், விறகு. கவலைக்குச் சுளகு. பொறாமைக்குத் தையல் மெஷின்.

பொறாமையால் தையல் பழகியதை அவரே ஒளிக்காமல் சொல்லுவார். எதிர்வீட்டுக்காரி ஒருமுறை பெருநாளுக்குப் பூவேலை செய்த ஜன்னல் திரை போட்டிருக்கிறாள். அதைப் பார்த்து ராத்தாவுக்குச் சோறு இறங்கவில்லையாம். "அவள்ட திரய நாசமாக்க துஆ கேக்கவா, நானும் ஒண்டு தெக்கவா எண்டு யோசிச்சேன். அவள்ட திர கிழிஞ்சா எனக்கு என்னத்தக் கெடைக்கும்? பொறாம கண்ணுக்கு நல்லது தங்கச்சி. ஊசில நூல் கோக்க அதப் போல கண்ணாடி இல்ல." நான் அந்த வீட்டை விட்டுப் போகும் காலத்தில் எதிர்வீட்டுக்காரியே தன் மகளின் கல்யாண உடுப்பை ராத்தாவிடம்தான் தைக்கக் கொடுத்தாள்.

சிங்களம் பழகியது வெட்கத்தால். மன்னார்ப் பக்கத்திலிருந்து மணமுடித்து வந்தவர் அவர். வந்த புதிதில் சிங்களம் சுத்தமாகத் தெரியாது. சந்தையில் ஒரு பல்லேபொலக்காரரிடம் நல்ல சேவல் இருக்கிறதா என்று கேட்கப் போயிருக்கிறார். சேவலுக்குக் 'குகுளா', காலுக்குக் 'ககுல'. இவர் வாயில் கால் வந்துவிட்டது. நல்ல கால் ஒன்று இருக்கிறதா என்று ஒரு புதுப்பெண் கேட்டால் அந்த மனிதர் என்ன செய்வார்? சற்று யோசித்து, சாரத்தை முழங்கால் வரைக்கும் உயர்த்தி, இரண்டு காலையும் திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கிறார். சந்தையே சிரித்தது. ராத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். ஆனால் வெட்கத்தை மூலையில் உட்காரவிடவில்லை. மறுநாளிலிருந்து, பின்வீட்டுச் சிங்களப் பெண்ணோடு கிணற்றடியில் உட்கார்ந்து, வாளி, கயிறு, வாழைப்பழம் என்று தொடங்கி, அடுத்த பெருநாளைக்குள் சந்தையில் விலை பேசி ஏசுகிற அளவுக்கு வந்துவிட்டார். "வெக்கம் சூடா இரிக்கக்குள்ள படிச்சா மறக்காது" என்பார்.

சந்தோஷத்துக்கு வீட்டில் வேலை கொடுக்கமாட்டார். அதை வெளியே கூட்டிக்கொண்டு போவார். சந்தோஷமாக இருக்கிற நாட்களில்தான், சண்டைபிடித்தவர்களின் வீடுகளுக்குப் போய் மாப்புக் கேட்டுவிட்டு வருவார். "மத்த நேரத்தில நாக்கு வராது" என்பார்.

இவருடைய இந்தக் குணம் தெரிந்த அயலவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருமுறை மூலைவீட்டில் கல்யாணம். மூடை அரிசி இடிக்கவேண்டும். அந்த வீட்டம்மா மெதுவாக வந்து உட்கார்ந்து, "நமக்கென்ன ராத்தா, பள்ளி ரோட்டில ஒருத்தி சொல்றா, ஒங்கட வட்டிலப்பத்தில ஈர்க்குக் குச்சி நிக்காதாம், தண்ணியாம்" என்று பெருமூச்சு விட்டாள். ராத்தா எழுந்தார். அன்று விழுந்த உலக்கையில் எங்கள் வீட்டுக் கோழி முட்டையிடுவதை நிறுத்தியது. கடைசிப் படி மாவையும் அரித்துக் கொடுத்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "பள்ளி ரோட்டில ஒருத்தியும் அப்படிச் சொல்லல்ல எண்டு எனக்கு மொதலே தெரியும்" என்றார்.

"அப்ப ஏன் இடிச்சீங்க?" என்று நான் கேட்டேன்.

"கத பொய்யா இரிந்தாலும் கோவம் உண்மையாத்தானே வந்திச்சி? வந்த ஆள வெறுங்கையோட அனுப்பேலுமா?"

ஒன்றுக்கு மட்டும் அந்த வீட்டில் வேலை இருக்கவில்லை. பயத்துக்கு.

"பயம் சோம்பேறி" என்பார் ராத்தா. "மத்ததெல்லாம் ஒங்கள எழுப்பிவிடும். பயம் உக்கார வெச்சிடும். அத வாசப்படி ஏத்தக் கூடாது." பின்வளவிலிருந்த பலாமரத்தில் ஜின் இருக்கிறதென்று ஒழுங்கையில் ஒரு கதை உண்டு. ராத்தா அந்த மரத்தில்தான் உடுப்புக் காயப்போடும் கயிற்றைக் கட்டியிருந்தார். "இரிந்தா இரிக்கட்டும். உடுப்பையாச்சும் காவல் காக்கட்டும்" என்றார். குசினிக்குள் பாம்பு வந்தபோது நானும் நானாவும் மேசைமேல் ஏறி நின்றோம். ராத்தா அதைத் தடியால் ஏந்திக்கொண்டுபோய் வெளியே விட்டுவிட்டு வந்து, நானாவைப் பார்த்து, "ஆம்புள!" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். நானா சிரித்துக்கொண்டே இறங்கினார். அவர் எதற்கும் சிரிக்கிறவர். இடைக்கிடை, காய்ச்சல் போல இருக்கிறது என்று சொல்லி வேலைக்குப் போகாமல் போர்த்துக்கொண்டு படுத்துவிடுவார். தொட்டுப் பார்த்தால் உடம்பு சுடாது. அதற்கும் ராத்தா ஏசுவார், அதற்கும் சிரிப்பார்.

அந்த நானாதான் ஒருநாள் பல்லேபொலையில் ஒரு மிளகுக் கொட்டிலின் பரணிலிருந்து விழுந்தார். இடுப்பும் இடது காலும் உடைந்துபோயின. ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து எழும்பியபோது கால் ஒட்டியிருந்தது; முழங்கால் மடங்கவில்லை. நடக்கலாம், கம்பு வேண்டும். கிளச்சை மிதிக்கவே முடியாது. வேன் வாசலில் நின்றது. தோட்டக்காரர்கள் மிளகை வேறு ஆட்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

நானாவின் மூத்த சகோதரர் வந்தார். கடைவீதியில் பெரிய கடை வைத்திருப்பவர். எல்லோருக்கும் அவர் முதலாளி. நாற்காலியில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, வந்த விஷயத்தைச் சொன்னார். வேனைத் தன் மகனிடம் கொடுத்துவிடவேண்டும். பல்லேபொல வட்டாரத்தையும் அவனே பார்த்துக்கொள்வான். இவர்களுக்குச் சாப்பாட்டுக்குக் குறையில்லாமல் ஏதாவது கொடுப்பான்.

நானா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்தா கதவுக்குப் பின்னாலிருந்து, "வேன் இஞ்சயே நிக்கட்டும் மச்சான். நான் ஓட்டப் பழகுறேன்" என்றார்.

முதலாளி உரத்துச் சிரித்தார். "நல்லது, நல்லது. பொம்புள ஓட்டுற வேன்ல ஏத்தின மொளகு, வெயில்ல போடாமலே காஞ்சிடும். பயத்தில!"

அன்றைக்கு உரல் சத்தம் கேட்கவில்லை. ராத்தா முந்தானையை இடுப்பில் செருகினார். "இது மா இடிக்கிற கோவமில்ல தங்கச்சி. இதப் பாழாக்கேலாது. நாளைக்கு வெளியால போகணும், நீங்களும் வாங்க" என்றார்.

அப்படித்தான் நான் அந்த வேனின் பின்பக்கத்தில், வெற்றுச் சாக்குகளின் மேல், ஒரு கையால் கூரையையும் மறுகையால் என் செபமாலையையும் பிடித்துக்கொண்டு, ஞாயிறு பூசை முடிந்த கையோடு உட்காரும்படி ஆயிற்று. முன்னால் நானா, நீட்டிய காலோடு. ஸ்டியரிங்கில் ராத்தா, தலையில் முக்காடு, கண்ணில் முதலாளி. பட்டினத்துக்கு வெளியே ஒரு வெறும் பாதை.

கோபம் நல்ல வேலைக்காரன்தான். ஆனால் அவனுடைய கால் பாரம். ராத்தா கியர் போட்டார், எக்சிலேட்டரை உலக்கை போல் மிதித்தார், வேன் ஒரு மாட்டைப்போல் துள்ளி நேரே பாதையோரத் தண்ணீர்க் காணுக்குள் இறங்கியது. வயலில் நின்றவர்கள் வந்து தூக்கிவிட்டார்கள். அடுத்த ஞாயிறும் அதே காண். அவர்கள் எங்களுக்காகக் காத்துக்கொண்டே நின்றார்கள்.

சரி, கோபம் வேண்டாம், பொறாமையைப் பார்க்கலாம் என்றார் ராத்தா. பட்டினத்தில் ஒரு டாக்டர் நோனா, டாக்டரம்மா, கார் ஓட்டுவார். அவரை ஒரு கிழமை முழுக்கப் பார்த்துப் பொறாமைப்பட்டு வந்து, அச்சாக அவரைப் போலவே முழங்கையை ஜன்னலில் சாய்த்து, தலையைச் சரித்து உட்கார்ந்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடிக்கத்தான் மறந்துவிட்டார். பின்னொரு நாள், மன்னாரிலிருந்த தன் உம்மாவை நினைத்துக் கவலையோடு ஓட்டினார்; கண்ணீரில் பாதை தெரியவில்லை. கவலை வேண்டாம் என்று சந்தோஷத்தில் ஓட்டினார். ஒரு வளைவை அழகாக எடுத்துவிட்டு, அந்த மகிழ்ச்சியில் இரண்டு கையையும் தட்டினார்.

"ராத்தா, கை! கை!" என்று நான் கத்தினேன்.

நானா எட்டி ஸ்டியரிங்கை நேராக்கினார். அவர் கை நடுங்கியதை நான் கண்டேன். ராத்தா காணவில்லை.

இந்த நிலையிலேயே லைசனுக்குப் பரீட்சை வந்தது. ராத்தாவுக்குப் பழைய வேலைக்காரனான கோபத்திடம்தான் நம்பிக்கை. ஏறுமுன் என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, அந்த மனுசன் மொளகப் பத்திச் சொன்னத ஒருக்கா சொல்லுங்க" என்றார். சொன்னேன். "அவர் சிரிச்ச மாதிரிச் சிரிங்க." சிரித்தேன். நான் நன்றாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. வேன் பரீட்சைக்கார ஐயாவையும் ஏற்றிக்கொண்டு புழுதி கிளப்பிப் போனது. சற்று நேரத்தில் ஐயா மட்டும் நடந்து திரும்பி வந்தார். தொப்பியால் விசிறிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைவீதியில் முதலாளி அந்தக் கதையைக் கேட்டு ஊருக்கெல்லாம் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார் என்று சொன்னார்கள். வீட்டில் அரிசி குறைந்துகொண்டு வந்தது. நானா ஒருநாள் மெதுவாக, "மூத்த நானாட்ட வேனக் குடுத்திடுவோமா புள்ள?" என்று கேட்டார்.

அடுத்த கிழமை, ஒரு பெரிய தோட்டத்துக் கொக்கோ எடுக்காமல் கிடக்கிறது, கடைசியாக உங்களைக் கேட்டுவிட்டுத்தான் மற்றவருக்குக் கொடுப்போம் என்று பல்லேபொலையிலிருந்து ஆள் வந்தான். பக்கத்தில் நானா இருந்தால் ராத்தா பழகுநராக ஓட்டலாம். மூவரும் புறப்பட்டோம். கொக்கோவை ஏற்றினோம். திரும்பும்போது நல்ல மழை. ராத்தா அந்தக் கொக்கோவைக் கொண்டுபோய் முதலாளியின் கடை வாசலில் நிறுத்தும் கோபத்தில் வேகமாகத்தான் வந்தார்.

ஒரு வளைவில், தலைக்கு வாழையிலை பிடித்த ஒரு சின்னப் பிள்ளை பாதையின் குறுக்கே ஓடியது.

ராத்தா பிரேக்கை மிதித்தார். வேன் வழுக்கி, ஒரு பக்கம் திரும்பி, நின்றது. பிள்ளைக்கும் வேனுக்குமிடையில் அந்த வாழையிலை கிடந்தது. அவ்வளவு இடம்தான். பிள்ளை எங்களைப் பார்த்தது, இலையை எடுத்தது, சிரித்துவிட்டு மறுபக்கத்து வீட்டுக்குள் ஓடிவிட்டது.

ராத்தா கதவைத் திறந்து இறங்கி, பாதையோரக் கல்லொன்றில் மழைக்குள் உட்கார்ந்தார். கை, கால், தாடை எல்லாம் நடுங்கின. பாம்பை ஏந்திய அதே கை. நான் பக்கத்தில் போனேன்.

"தங்கச்சி, எனக்குப் பயமா இரிக்கி" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல்தடவை. "இனி ஓட்டமாட்டேன். வேன அவருக்கே குடுத்திடுங்க. பயம் வந்திட்டு. இனி ஒண்டுக்கும் ஏலாது."

நானா கம்பை ஊன்றி இறங்கி, மடங்காத காலை இழுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இப்பதான் ஓட்டோணும் புள்ள."

"பயமா இரிக்கி எண்டு சொல்றேன்!"

"கேட்டிச்சி. நான் இத்தன காலமும் எப்படி ஓட்டினேன் எண்டு நெனக்கிறா? பயத்திலதான். காலைல வேன ஸ்டார்ட் பண்ணக்குள்ள வயித்துக்க ஒரு பயம் வரும். ஆரும் குறுக்க வந்திடுவாங்களோ, மாடு வந்திடுமோ, பிரேக் புடிக்குமோ எண்டு. அது பக்கத்தில இரிந்து, அங்க பாரு, இங்க பாரு எண்டு சொல்லிக்கிட்டே வரும். அது வராத நாள் நான் வேனத் தொடமாட்டேன்."

ராத்தா முகத்தை நிமிர்த்தினார். மழைத்தண்ணி மூக்கு நுனியால் ஒழுகியது. "தொடாம?"

"காய்ச்சல் எண்டு படுத்திடுவேன்."

ராத்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வருடக் காய்ச்சல்கள், எத்தனை ஏச்சுக்கள். பிறகு, அந்த நடுக்கத்தோடேயே, எனக்கு இன்றும் மறக்காத ஒரு சிரிப்புச் சிரித்தார். "அல்லாவே! இந்த மனுசன் ஒரு சொல்லுச் சொன்னாரா பாருங்க."

"நீதான் பயத்த வாசப்படி ஏத்தமாட்டியே. நான் எங்க வெச்சிச் சொல்ல? வேனுக்குள்ளயே வெச்சிக்கிட்டேன்."

ராத்தா எழுந்து ஏறினார். அன்று பல்லேபொலையிலிருந்து மாத்தளை வரைக்கும் வேன் போனது போல நான் எந்த வாகனத்திலும் போனதில்லை. வளைவுக்கு முன்னால் ஹோர்ன். வாசல் திறந்திருந்த வீட்டுக்கு முன்னால் மெது. மரத்தடியில் ஒதுங்கி நின்ற ஆட்டைக் கண்டு, அது முடிவெடுக்கும் வரைக்கும் நின்று பொறுத்தார். ராத்தாவின் உதடு நடுங்கிக்கொண்டே இருந்தது, கை நடுங்கவில்லை. என் செபமாலை சட்டைப்பைக்குள்ளேயே கிடந்தது. முதலாளியின் கடை வாசலைத் தாண்டியபோது ராத்தா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. எதிர்ப்பக்கத்தில் ஒரு சைக்கிள்காரர் பாதையில் இறங்கலாமா என்று பார்த்துக்கொண்டு நின்றார். ராத்தாவின் கண் அவர்மேல்தான் இருந்தது.

இரண்டாவது பரீட்சைக்கு முதல்நாள், வேன் ஓட்டிக் காட்டவேண்டிய பாதை முழுவதையும் ராத்தா நடந்தார். நானும் கூடப் போனேன். எந்தக் கேற்றிலிருந்து பிள்ளைகள் ஓடிவரலாம், எந்த மதிலுக்குப் பின்னால் நாய் இருக்கிறது, எந்த மூலையில் வண்டிக்காரர்கள் பாராமல் திரும்புகிறார்கள் என்று ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். வீட்டுக்கு வரும்போது வேண்டிய அளவு பயம் சேர்ந்திருந்தது.

அதே பரீட்சைக்கார ஐயா. ராத்தாவைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது. கதவைத் திறந்து ஒரு காலை வைத்துவிட்டு, ராத்தாவின் உதடு நடுங்குவதைக் கண்டு இரங்கி, "பய வென்ன எபா, நோனா" என்றார். பயப்படாதீர்கள் அம்மா என்று.

ராத்தா கையெடுத்துக் கும்பிடாத குறையாக, கிணற்றடியில் படித்த சிங்களத்தில் சொன்னார்: "ஐயோ மாத்தயா, நான் மிகவும் கஷ்டப்பட்டு அதைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். தயவுசெய்து விரட்டிவிடாதீர்கள்!"

ஐயா நானாவைப் பார்த்தார். நானா, ஆமாம் என்று தலையை ஆட்டினார். வேன் மெல்ல நகர்ந்தது. திரும்பி வரும்போது ஐயா நடந்து வரவில்லை. வேனுக்குள்ளேயே இருந்தார், ராத்தாவோடு என்னமோ சிரித்துக் கதைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு பல்லேபொல வட்டாரம் ராத்தாவின் வட்டாரமாயிற்று. தோட்டங்களில் மிளகு பறிக்கிறவர்களும் காயவைக்கிறவர்களும் பெண்கள்தானே. முற்றத்தில் ஒரு பெண் வேனை நிறுத்திவிட்டு இறங்கி வந்தால், அவர்கள் பாய் விரித்து உட்காரவைத்துத்தான் பேசினார்கள். நானா பக்கத்துச் சீட்டிலிருந்து சரக்கைப் பார்த்து விலை சொல்லுவார். வயிற்றில் பயம் வராத நாட்களில் இருவரும் சேர்ந்து காய்ச்சல் என்று படுத்துவிடுவார்கள்.

முதலாளியின் கதைக்கும் ஒரு முடிவு சொல்லவேண்டும். அவருடைய மகளின் கல்யாணத்தன்று, மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போன கார் பலகடுவை மலை வளைவில் நின்றுவிட்டது. அந்த அவசரத்துக்கு வேறு வாகனம் கிடைக்கவில்லை. ராத்தாதான் வேனைக் கொண்டுபோனார். முதலாளி முன்சீட்டில் ஏறி, கதவை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஓதத் தொடங்கினார்.

"நல்லா ஓதுங்க மச்சான்" என்றார் ராத்தா. "ரெண்டு பேரும் பயந்தா வேன் இன்னும் நல்லாப் போகும்."

மணப்பெண்ணின் தலைப்பூ அசையாமல் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த நாளிலிருந்து முதலாளி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நம்மட தம்பி பொஞ்சாதி ஓட்டினா, கிளாஸ்ல நெறஞ்ச தண்ணியும் சிந்தாது" என்று சொல்லித் திரிந்தார். ராத்தாவுக்கு அது பெரிய நட்டம். "இனி இந்த மனுசன்மேல கோவிக்கேலாமப் போச்சே தங்கச்சி. மா இடிக்கிறதுக்கு வேற ஆளத் தேடணும்" என்று என்னிடம் முறைப்பட்டார்.

எனக்குத் திருமணம் பேசி, கொழும்புக்கு மாற்றமும் கிடைத்தது. போகிற அன்று ராத்தாதான் பெட்டியை ஏற்றிக்கொண்டு மாத்தளை ஸ்டேஷனுக்கு வந்தார். ரயில் புறப்பட நேரமிருந்தது. வேனை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"ஏன் ராத்தா பேசாம இருக்கீங்க?"

"உள்ளுக்கு என்னமோ ஒண்டு வந்து இரிக்கி தங்கச்சி. கோவமில்ல. கவலையெண்டும் சொல்லேலாது, சந்தோசமும் கலந்திரிக்கி. பேர் தெரியல்ல."

அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று, "அப்ப அதுக்கு என்ன வேல குடுக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. கேள்வியை உண்மையாகவே எடுத்துக்கொண்டு சற்று யோசித்தார். பிறகு என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இது வேலைக்கு வந்ததில்ல" என்றார். "விருந்தாளி. இரிக்கட்டும்."

மணி அடிக்கும் வரைக்கும் நாங்கள் இருவரும் ஒரு வேலையும் செய்யாமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.